டிரெய்லரை உயர்த்துவதா, மட்கார்டை உயர்த்துவதா?

அமெரிக்கச் சிற்றூர்களில் பிக்கப் வண்டி நிற்கும் பல வீடுகளில் அதன் பக்கத்திலேயே ஒரு சிறு டிரெய்லரும் நிற்கும். 5 அடி அகலம், 8 அடி நீளம், ஒரே ஆக்சில், இரண்டு சக்கரம், பின்னால் மடக்கி இறக்கும் இரும்புச் சரிவுப்பலகை. புல்வெட்டும் இயந்திரம், விறகு, சரளைக்கல், பழைய சோபா என்று எதையும் ஏற்றிச் செல்லும் வண்டி அது. இவற்றில் பலவற்றின் மொத்த எடை வரம்பு 2,990 பவுண்டு, அதாவது சுமார் 1,356 கிலோ. 3,000 பவுண்டைத் தொட்டால் டிரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டும் என்று பல மாநிலங்களில் சட்டம் இருப்பதால், தயாரிப்பாளர்கள் அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிறுத்திக்கொள்கிறார்கள். பெரும்பாலும் 13 அங்குலச் சக்கரத்தோடுதான் இவை விற்பனைக்கு வருகின்றன. எஸ்.டி. 175/80 ஆர் 13 என்ற அளவில், ‘சி’ தர டயர் ஒன்று 1,360 பவுண்டு தாங்கும். இரண்டுக்கும் சேர்த்து 1,234 கிலோ. முழுப் பாரத்தில் பத்தில் ஒரு பங்கு இழுக்கும் வண்டியின் ஹிட்ச் பந்தின்மேல் இறங்குவதாகக் கொண்டால், டயர்கள் சுமக்க வேண்டியது 1,220 கிலோ. மிச்சம் 14 கிலோ. ஒரு சிமெண்ட் மூட்டைக்குக்கூட இடமில்லாத இந்த ஒட்டிய கணக்கைப் பார்த்தால், உரிமையாளர்கள் 15 அங்குலச் சக்கரத்துக்கு மாற நினைப்பதில் தவறே இல்லை. எஸ்.டி. 205/75 ஆர் 15 டயர் அதே ‘சி’ தரத்தில் 1,820 பவுண்டு தாங்கும். இரண்டும் சேர்ந்து சுமார் 1,650 கிலோ. சக்கரத்தின் ஐந்து போல்ட் அமைப்பும் பெரும்பாலும் ஒன்றேதான். கழற்றி மாட்டினால் வேலை முடிந்தது. ஆனால் மாட்டிய பிறகுதான் தெரியும், டயரின் உச்சிக்கும் மட்கார்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி சுருங்கிவிட்டது என்று. இதற்கு மருந்தாக எல்லோரும் முதலில் சொல்வது, ஸ்பிரிங்கை ஆக்சிலின் அடியிலிருந்து எடுத்து அதன் மேலே உட்கார வைத்து டிரெய்லரையே 10 சென்டிமீட்டர் உயர்த்துவது. நல்ல பொறியியல்தான். ஆனால் டயருக்கு இடம் போதவில்லை என்ற ஒரு காரணத்துக்காக மட்டும் அதைச் செய்வது பெரும்பாலும் தேவைக்கு மீறிய வைத்தியம் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் எவ்வளவு இடம் குறைகிறது என்று பார்த்துவிடலாம். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்களே போதும். 175 என்பது அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு எத்தனை என்று. 13 என்பது உள்ளே இருக்கும் இரும்பு வளையத்தின் விட்டம், அங்குலத்தில். ஆக, பக்கச்சுவர் 140 மி.மீ.; அதன் இருமடங்கோடு 330 மி.மீ. வளையத்தைக் கூட்டினால் டயரின் விட்டம் 610 மி.மீ. அதேபோல 205/75 ஆர் 15 டயருக்கு 688 மி.மீ. விட்டம் 78 மி.மீ. கூடுகிறது, ஆரம் 39. இந்த 39 மி.மீ. இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் வேலை செய்கிறது. ஆக்சில் தரையிலிருந்து அவ்வளவு உயர்கிறது. ஆக்சிலோடு சேர்ந்து டிரெய்லர் முழுவதும் உயர்கிறது. அதே சமயம் டயரின் உச்சி மட்கார்டை நோக்கி அதே அளவு நெருங்குகிறது. முன்பு வெறும் வண்டியில் 10 செ.மீ. இடைவெளி இருந்திருந்தால் இப்போது 6 செ.மீ. நிற்கும் வண்டியைப் பார்க்கிறவருக்கு 6 செ.மீ. தாராளமாகவே தோன்றும். ஓடும் வண்டிக்கு அது போதுமா என்பதுதான் கேள்வி.

டயருக்கு மேலிருக்கும் அந்த வெற்றிடம் ஸ்பிரிங் வேலை செய்வதற்காக விட்ட இடம். பட்டை ஸ்பிரிங்கின் இயல்பு எளிமையானது: பாரம் எவ்வளவு கூடுகிறதோ, ஏறக்குறைய அதே விகிதத்தில் அது அமுங்கும். வெறும் டிரெய்லரிலிருந்து முழுப் பாரத்துக்கு வரும்போது வண்டி 5 செ.மீ. இறங்குவதாக வைத்துக்கொள்வோம். நின்றுகொண்டிருக்கும் நிலையிலேயே இவ்வளவு. வேகமாகப் போய் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது, சக்கரத்தின் மேல் ஒரு கணம் பாரம் இருமடங்காவது அசாதாரணமானதல்ல. இருமடங்கு பாரம் என்றால், ஸ்பிரிங் மீண்டும் ஏறத்தாழ அதே 5 செ.மீ. அமுங்க வேண்டும். இதிலிருந்து அளவுநாடா ஒன்றை மட்டும் கொண்டு யாரும் போடக்கூடிய ஒரு கணக்குக் கிடைக்கிறது: வெறும் வண்டி முழுப் பாரத்தில் எவ்வளவு இறங்குகிறதோ, அந்த அளவாவது, கொஞ்சம் கூடுதலாகவே, முழுப் பாரத்தில் டயருக்கு மேல் மிச்சம் இருக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் 6 செ.மீ. இடைவெளியில் 5 பாரத்துக்கே போய்விடுகிறது, மிச்சம் 1. தேவை 6. குறைபாடு 5 செ.மீ. இந்தக் குறைபாடோடு ஓடினால், ஒவ்வொரு பெரிய பள்ளத்திலும் டயரின் தோள் மட்கார்டின் உள்விளிம்பில் உரசும். வளைவில் ஒரு பக்கம் அதிகம் சாயும்போது அந்தப் பக்கத்து டயர் தொடர்ந்து உரசும். அந்த விளிம்பு தகட்டின் கூர்முனையாக இருந்தால் ரப்பர் அறுபடும், சூடேறும், கடைசியில் நெடுஞ்சாலையில் வெடிக்கும். ஆகவே குறைபாட்டைத் தீர்க்காமல் விடக்கூடாது என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. எப்படித் தீர்ப்பது என்பதில்தான் யோசிக்க இடமிருக்கிறது.

ஸ்பிரிங்கை இடம் மாற்றும் முறையை நெருங்கிப் பார்ப்போம். தாழ்வான சிறு டிரெய்லர்களில் பட்டை ஸ்பிரிங் ஆக்சிலுக்கு அடியில் தொங்கும். ஆக்சில் குழாய் அதன் மேல் கிடக்கும். இரண்டையும் யூ-போல்ட்டுகள் இறுக்கிப் பிடித்திருக்கும். நம் ஊர் லாரிகளின் பின்பக்கம் குனிந்து பார்த்தால் இதற்கு நேரெதிரான அமைப்பைக் காணலாம்: அங்கே கட்டுக்கட்டாகப் பட்டைகள் ஆக்சிலின் மேல் உட்கார்ந்திருக்கும். டிரெய்லரிலும் அப்படி மாற்றினால் எவ்வளவு உயரம் கிடைக்கும் என்பதைக் கூட்டிப் பார்க்கலாம். 3,500 பவுண்டு தாங்கும் ஆக்சிலின் குழாய் வழக்கமாக 60 மி.மீ. விட்டம். நான்கு பட்டைகள் கொண்ட ஸ்பிரிங் கட்டு, பட்டைக்கு 7 மி.மீ. என்று வைத்தால், 28 மி.மீ. ஸ்பிரிங் உட்காரும் இரும்பு இருக்கையின் கனம் இரண்டு முறை சேரும். அதற்கு ஒரு 12 மி.மீ. மொத்தம் 100 மி.மீ. டயர் மாறியதால் ஏற்கனவே கிடைத்த 39 மி.மீட்டரையும் சேர்த்தால், டிரெய்லரின் தளம் முன்பிருந்ததைவிடச் சுமார் 14 செ.மீ. உயரத்துக்குப் போய்விடும். தேவைப்பட்டது டயருக்கு மேல் 5 செ.மீ. மட்டுமே. மட்கார்டைத் தாங்கும் இரும்புக் கால்களை வெட்டி, 5 அல்லது 6 செ.மீ. நீட்டி ஒட்டினால் அதே இடைவெளி கிடைத்துவிடும்; தளமும் ஏற்றிய பாரமும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

உயரத்துக்கு விலை உண்டு என்பதை வாகன உலகம் வெகுகாலத்துக்கு முன்பே அறிந்திருந்தது. இண்டியானாபொலிஸ் நகரில் இயங்கிய அமெரிக்கன் மோட்டார் கார் கம்பெனி 1907ல் ‘அமெரிக்கன் அண்டர்ஸ்லங்’ என்ற காரைக் கொண்டுவந்தது. அதன் வடிவமைப்பாளர் ஃபிரெட் டோன் காரின் சட்டகத்தை ஆக்சில்களுக்கு மேலே வைக்காமல் அடியில் தொங்கவிட்டார். ஈர்ப்பு மையம் வெகுவாகத் தாழ்ந்தது. அந்தக் காலத்துக் குதிரைவண்டி போன்ற உயரமான கார்களுக்கு நடுவே அது தரையோடு ஒட்டி ஓடியது. அப்படித் தாழ்த்தியதால் அடிப்பகுதி கல்லில் இடிக்காமலிருக்கப் பெரிய சக்கரங்கள் தேவைப்பட்டன. 40 அங்குல டயர்களை மாட்டினார்கள். நூறாண்டுக்கு முந்தைய இந்தத் தீர்வில் ஒரு தெளிவு இருக்கிறது. தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளியைச் சக்கரத்தின் விட்டத்தால் பெற்றார்கள். நிலைத்தன்மையைத் தாழ்ந்த சட்டகத்தால் பெற்றார்கள். ஒன்றுக்காக இன்னொன்றை விட்டுக்கொடுக்கவில்லை. அந்தக் கம்பெனி 1914க்குப் பிறகு நிலைக்கவில்லை என்பது வேறு கதை.

உயரத்தின் விலையை எண்ணாகவும் பார்க்கலாம். அமெரிக்கத் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2001 மாடல் வாகனங்களிலிருந்து கவிழும் அபாயத்தை மதிப்பிட ஓர் எளிய எண்ணைப் பயன்படுத்துகிறது. இடது வலது டயர்களின் மையங்களுக்கு இடையே உள்ள அகலத்தை எடுத்து, ஈர்ப்பு மையத்தின் உயரத்தைப் போல் இருமடங்கால் வகுக்க வேண்டும். சாதாரணக் கார்களுக்கு இது 1.3 முதல் 1.5 வரை, உயரமான எஸ்.யூ.வி., பிக்கப் வகைகளுக்கு 1.0 முதல் 1.3 வரை. எண் சிறிதானால் கவிழ்வது எளிது. இதை நம் டிரெய்லருக்குப் போட்டுப் பார்க்கலாம். சக்கர அகலம் 1.8 மீட்டர், குளிர்பதனப் பெட்டி, அலமாரி போன்ற உயரமான சாமான்களை ஏற்றியதால் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 90 செ.மீ. என்று கொள்வோம். 13 அங்குலச் சக்கரத்தோடு எண் 1.0. டயரை மாற்றி மட்கார்டை மட்டும் உயர்த்தினால் 0.96. ஸ்பிரிங்கையும் இடம் மாற்றினால் 0.87. முதல் மாற்றத்தில் இழப்பு நூற்றுக்கு 4. இரண்டாவதையும் சேர்த்தால் 13. மணலோ சரளையோ தாழ்வாக ஏற்றியிருந்தால் எண்கள் எல்லாமே பாதுகாப்பான எல்லைக்குள் இருக்கும். அப்போது இந்த வேறுபாடு பெரிதில்லை. ஆனால் டிரெய்லர் என்பது இன்றைக்கு மணலும் நாளைக்கு அலமாரியும் ஏற்றுகிற வண்டி. மோசமான பாரத்தை வைத்துத்தான் அதைக் கணிக்க வேண்டும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். காய்ந்த தார்ச்சாலையில் டயரின் பிடிப்பு புவியீர்ப்பின் 0.7, 0.8 பங்கைத் தாண்டுவது அரிது, கவிழ்வதற்கு 0.87 பங்கு பக்கவாட்டு விசை தேவையென்றால், அதற்கு முன்பே டிரெய்லர் வழுக்கிவிடுமே, கவிழாதே என்று கேட்கலாம். சமதளச் சாலையில், பாரம் அசையாமல் இருக்கும்போது இந்த வாதம் செல்லும். ஆனால் அந்த எளிய எண் வண்டியை ஒரே கல்லால் ஆனது போலக் கருதுகிறது. உண்மையில் டயர் ஒரு பக்கம் நசுங்கும், ஸ்பிரிங் சாயும், கட்டாத சாமான் நகரும். மூன்றுமே உண்மையான எல்லையை எண் காட்டுவதைவிடக் கீழே இழுக்கும். மேலும், வழுக்கும் டயர் சாலையோரத்து மென்மண்ணில் புதைந்தாலோ கரைக்கல்லில் தட்டினாலோ, பிடிப்பு என்ற உச்சவரம்பே இல்லாமல் போய்விடும். அந்த வேளையில் கவிழாமல் காப்பது உயரம் குறைவாக இருப்பது ஒன்றுதான். அதே நேரம் உயர்த்துவதன்மேல் சுமத்தக்கூடாத பழி ஒன்றும் உண்டு. ஸ்பிரிங்கை மேலே வைத்தால் பெட்டி அதிகமாக ஆடும் என்ற கருத்து பரவலாக இருக்கிறது. பட்டை ஸ்பிரிங் வண்டியில் பெட்டி சாய்வது ஸ்பிரிங் பொருத்திய உயரத்தைச் சுற்றித்தான். ஸ்பிரிங் 10 செ.மீ. ஏறும்போது ஈர்ப்பு மையமும் அதே 10 செ.மீ. ஏறுகிறது; இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் மாறவில்லை. ஆக்சிலின் மேல் பெட்டி சாயும் அளவு ஏறத்தாழ முன்பு போலவேதான் இருக்கும். கூடுவது, முழு வண்டியும் டயர்களின் மேல் கவிழும் போக்கு.

நெடுஞ்சாலையில் டிரெய்லர் பாம்பு போல் நெளிவதற்கும் உயரத்தைக் காரணம் காட்டுவார்கள். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் இதற்கென்றே ஒரு சோதனை டிரெய்லரை அமைத்துக் காருக்குப் பின்னால் ஓட்டிப் பார்த்து 2009ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பாரம் முன்பின்னாக எப்படிப் பரவியிருக்கிறது, ஆக்சில் எங்கே இருக்கிறது என்பவையே நெளிவைப் பெரிதும் தீர்மானித்தன. டிரெய்லரை உயர்த்தினால் இவை மாறுவதில்லை. ஒரே ஒரு நிபந்தனை, ஹிட்ச் பந்தையும் அதே அளவு உயர்த்த வேண்டும். மறந்து, பழைய பந்திலேயே மாட்டினால், ஆக்சிலிலிருந்து பந்து வரையிலான 3 மீட்டர் நீளத்தில் மூக்கு 10 செ.மீ. தாழும்; ஏறக்குறைய 2 பாகைச் சாய்வு. பந்தின்மேல் இறங்கும் எடை இதனால் மொத்த எடையில் நூற்றுக்கு ஒன்று போலத்தான் கூடும், பெரிய கேடில்லை. ஆனால் பிக்கப் வண்டியின் பந்து ஏற்கனவே உயரமாக இருந்து, டிரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால், உயர்த்தியதும் அது சமமாகிவிடும். இப்படிப்பட்டவருக்கு ஸ்பிரிங் மாற்றம் டயர் பிரச்சினையோடு இதையும் தீர்க்கிறது. உயரத்துக்குக் கொடுக்கும் விலை அவருக்கு நியாயமானது. பந்தைத் தாழ்த்தும் வளைந்த இணைப்புச் சட்டம் கடையில் கிடைக்கிறது என்பதையும் அவர் யோசித்துக்கொள்ளலாம்.

தயாரிப்பாளர்களே ஸ்பிரிங் மேலே வைத்தும் விற்கிறார்கள், மாற்றிக்கொள்ள இருக்கையும் யூ-போல்ட்டும் சேர்த்த பொட்டலமே கிடைக்கிறது, பிறகென்ன பயம் என்பது அடுத்த மறுப்பு. அமைப்பில் குறையில்லை, அதைச் செய்கிற விதத்தில்தான் கவனம் வேண்டும். அவசரக்காரர்கள் புதிய இருக்கை ஒட்டும் வேலையை மிச்சம்பிடிக்க ஆக்சிலையே தலைகீழாகப் புரட்டி மாட்டிவிடுவார்கள். இது பெரிய தவறு. டிரெய்லர் ஆக்சில்கள் பலவற்றின் நடுப்பகுதியைத் தொழிற்சாலையிலேயே மேல்நோக்கி இலேசாக வளைத்து அனுப்புகிறார்கள். பாரம் ஏறும்போது குழாய் நேராகி, சக்கரங்கள் செங்குத்தாக நிற்கும். புரட்டினால் அந்த வளைவு கீழ்நோக்கி வந்துவிடும். பாரம் அதை இன்னும் வளைக்கும். சக்கரங்களின் உச்சி உள்நோக்கிச் சாய்ந்து, டயரின் உள்தோள் சீக்கிரமே வழித்துவிட்டது போலத் தேயும். சரியான வழி, ஆக்சிலை அப்படியே விட்டுவிட்டு, குழாயின் மேல்பக்கத்தில் புதிய இருக்கைகளை ஒட்டுவது. அங்கேயும் ஒரு நுட்பம் உண்டு. சக்கரங்கள் முனைகளை மேலே தள்ள, ஸ்பிரிங்குகள் நடுவே அழுத்த, குழாயின் அடிப்பகுதி இழுவிசைக்கும் மேற்பகுதி அமுக்கத்துக்கும் உள்ளாகின்றன. பக்கவாட்டின் நடுக்கோட்டில் வளைவின் தகைவு மிகக் குறைவு. ஆகவே இருக்கையின் நீளவாட்டில், குழாயின் இரு பக்கங்களிலும் மட்டும் வெல்டிங் ஓட வேண்டும். குழாயைக் குறுக்கே சுற்றி ஒட்டினால், தகைவு அதிகமுள்ள இடத்திலேயே விரிசலுக்கு விதை போட்டதாகும். சென்டர் போல்ட்டையும் கவனிக்க வேண்டும். பட்டைகளைக் கோத்திருக்கும் இந்தச் சிறு போல்ட்டின் தலை இருக்கையின் துளைக்குள் உட்கார்ந்து, ஆக்சில் முன்பின் நகராமல் பிடிக்கிறது. ஸ்பிரிங் அடியில் இருந்தபோது தலை மேல்நோக்கி இருக்கும். இப்போது இருக்கை கீழே வந்துவிட்டதால், கட்டை இடுக்கியில் இறுக்கிக்கொண்டு போல்ட்டைக் கழற்றித் தலைகீழாக மாட்ட வேண்டும். இதைச் செய்யாமல் இறுக்கினால் ஆக்சில் ஒரு பக்கம் பின்வாங்கி, டிரெய்லர் கோணலாக ஓடும். பழைய யூ-போல்ட்டுகள் ஏற்கனவே நீண்டிருக்கும் என்பதால் புதியவற்றைப் போட்டு, முதல் ஓட்டத்துக்குப் பின் மீண்டும் இறுக்குவதும் அவசியம்.

பிரேக் உள்ள டிரெய்லரானால் இன்னொரு கணக்கும் சேர்கிறது. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. பிரேக் பிடிக்கும்போது சாலை டயரைப் பின்னோக்கி இழுக்கிறது. சக்கரமும் ஆக்சிலும் அந்த நேரத்தில் ஒரே உடம்பு போல ஆகிவிடுவதால், ஆக்சில் முன்னோக்கி உருளப் பார்க்கும். அதைத் தடுப்பது ஸ்பிரிங். ஸ்பிரிங்கை முறுக்கும் திருப்புவிசை, சாலையின் இழுப்பைத் தரையிலிருந்து ஸ்பிரிங் இருக்கும் உயரத்தால் பெருக்கியதற்குச் சமம். 13 அங்குலச் சக்கரத்தில் ஆக்சில் மையம் 30.5 செ.மீ. உயரம், ஸ்பிரிங் கட்டின் நடு அதற்கு 5 செ.மீ. கீழே, அதாவது 25.5 செ.மீ. உயரத்தில். 15 அங்குல டயரோடு ஸ்பிரிங்கையும் மேலே கொண்டுபோனால் அது 39 செ.மீ. ஆகிறது. ஒரே அளவு பிரேக் விசைக்கு ஸ்பிரிங் ஒன்றரை மடங்கு முறுக்கை வாங்குகிறது. டயரை மட்டும் மாற்றியிருந்தால் இது 29 செ.மீ. தான். இது ஏட்டுக் கணக்கோடு நிற்பதில்லை. 1987 முதல் 1995 வரை வந்த ஜீப் ராங்லர் ஒய்.ஜே. வண்டிகளில் ஸ்பிரிங் ஆக்சிலின் அடியில் இருந்தது. மலைப்பாதைப் பிரியர்கள் அதை மேலே மாற்றியபோது, வேகமெடுக்கையில் பட்டைகள் எஸ் வடிவத்தில் முறுக்கிக்கொண்டு துள்ளுவது அவர்களுக்குப் பழக்கமான தொல்லையாயிற்று. முறுக்கைத் தடுக்கத் தனிக் கம்பி ஒன்றைப் பொருத்த வேண்டியிருந்தது. டிரெய்லரில் எஞ்சின் இல்லை. பிரேக்கும் இல்லாத சிறு வண்டிகளில் சக்கரம் தடையின்றிச் சுழல்வதால் இந்த முறுக்கு அநேகமாக எழாது. லாரிகளில் ஸ்பிரிங் மேலே இருந்தும் தாங்குவது ஏனென்றால், அந்தப் பட்டைகள் அந்த முறுக்குக்காகவே கனமாகச் செய்தவை. சிறு டிரெய்லரின் பட்டைகள் அப்படியல்ல.

ஸ்பிரிங்கையே கடினமாக்கிவிட்டால் வண்டி இறங்காது, டயரும் உரசாது என்று கூடுதல் பட்டை ஒன்றைச் செருகச் சொல்பவர்களும் உண்டு. கணக்கு அதற்கும் எதிராகவே நிற்கிறது. முழுப் பாரத்தில் 5 செ.மீ. அமுங்கும் ஸ்பிரிங், அந்தப் பாரத்தோடு நொடிக்குச் சுமார் 2 முறை அதிரும்; இது சகிக்கத்தக்கது. வெறும் வண்டியாக ஓடும்போது, ஸ்பிரிங்கின் மேலுள்ள எடை ஏழில் ஒரு பங்காகக் குறைந்தால், அமுக்கம் வெறும் 7 மி.மீ.; அதிர்வு நொடிக்கு 6 முறை நெருங்கும். டயரின் மென்மை இதைச் சற்றுத் தணித்தாலும், வெற்று டிரெய்லர் சாலையில் தடதடவென்று குதிப்பதற்குக் காரணம் இதுதான். இத்தகைய டிரெய்லர்களில் ஷாக் அப்சார்பர் கிடையாது. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே ஒரே தணிப்பு. இன்னும் ஒரு பட்டையைச் சேர்த்துக் கடினமாக்கினால், வெற்று ஓட்டத்தில் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும் நேரமே கூடும். விளக்குகளின் ஒயர் இணைப்பு, வெல்டிங், மட்கார்டு எல்லாம் அந்த அதிர்வில் தளரும்.

அப்படியானால் ஸ்பிரிங்கை மேலே கொண்டுபோவது யாருக்குத்தான் பொருந்தும்? இடைவெளி என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் உண்மையில் தனித்தனி இடைவெளிகள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் விடை கிடைக்கும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ளது மட்கார்டை உயர்த்தினால் தீர்ந்துவிடும். டயரின் உள்பக்கத்துக்கும் சட்டகத்துக்கும் நடுவே உள்ளது வேறு. புதிய டயர் 30 மி.மீ. அகலம் கூடியது, பாதி, 15 மி.மீ., உள்பக்கமாக வரும். டிரெய்லரை எவ்வளவு உயர்த்தினாலும் இந்த 15 மி.மீ. திரும்பக் கிடைக்காது, ஸ்பிரிங்கில் உரசுகிற டயருக்கு மருந்து அகலம் குறைந்த டயரோ நீளமான ஆக்சிலோதான். ஆக்சில் குழாய்க்கும் அதன் மேலுள்ள சட்டகத்துக்கும் நடுவே உள்ளது மூன்றாவது. பள்ளத்தில் குழாய் சட்டகத்தில் ‘டங்’ என்று இடித்து, பெயிண்ட் உரிந்து பளபளக்கும் தழும்பு தெரிந்தால், அங்கே மட்கார்டை உயர்த்திப் பயனில்லை. ஸ்பிரிங்கை மேலே வைப்பதே சரியான தீர்வு. சட்டகத்துக்கும் தரைக்கும் நடுவே உள்ளதும் அப்படியே: பண்ணை வாசலின் மேட்டில் டிரெய்லரின் பின்முனை உரசுகிறது என்றால் 10 செ.மீ. உண்மையாகவே உதவும். ஆனால் ஆக்சிலின் நடுப்பகுதி கல்லில் இடிக்கிறது என்றால் உதவாது. ஸ்பிரிங் அடியில் இருந்தாலும் மேலே இருந்தாலும், ஆக்சில் குழாய் தரையிலிருந்து அதே உயரத்தில்தான் இருக்கிறது. அதை உயர்த்துவது டயரின் ஆரம் மட்டுமே. காட்டுப்பாதைக்காக உயர்த்துகிறேன் என்பவர்கள் இதை அறிந்து செய்வது நல்லது.

மட்கார்டு உடைந்தால் மாற்றலாம், ஆக்சிலில் கைவைத்தால் திரும்ப வழியில்லை என்பது மட்டுமே என் தயக்கத்துக்குக் காரணமல்ல. அன்றாட உபயோகமும் பாதிக்கப்படுகிறது. தளம் தரையிலிருந்து 50 செ.மீ. இருந்தபோது, 1.2 மீட்டர் நீளச் சரிவுப்பலகை சுமார் 25 பாகையில் கிடக்கும். 14 செ.மீ. கூடியதும் அது 32 பாகை. புல்வெட்டும் வண்டியை ஓட்டி ஏற்றுகிறவருக்கு இந்த 7 பாகை பெரிது: சரிவு முடிந்து தளம் தொடங்கும் முனையில் இயந்திரத்தின் அடித்தகடு மாட்டிக்கொள்ளும், முன்சக்கரம் மேலெழும்பி வண்டி பின்னோக்கிக் கவிழப் பார்க்கும். டயர் உரசாமலிருக்க எடுத்த நடவடிக்கை, பாரம் ஏற்றுகிறவரின் முதுகெலும்புக்கு ஆபத்தாக முடியக்கூடாது.

பெரிய டயரோ உயர்ந்த தளமோ டிரெய்லரின் எடை வரம்பைக் கூட்டுவதில்லை. டயர்கள் 1,650 கிலோ தாங்கினாலும், தயாரிப்பாளர் பொருத்திய தகட்டில் 2,990 பவுண்டு என்று இருந்தால் வரம்பு அதுவேதான். ஆக்சில், சட்டகம், இணைப்பு முனை எதுவும் மாறவில்லை. எனவே உயர்த்த நினைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வெட்டுவதற்கும் ஒட்டுவதற்கும் முன், டிரெய்லரை வெறுமையாகச் சமதரையில் நிறுத்தி டயருக்கு மேலும், டயருக்கு உள்பக்கமும், ஆக்சிலுக்கு மேலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். முழுப் பாரம் ஏற்றி அதே மூன்று இடங்களிலும் மறுபடி அளந்து பாருங்கள். குறைவு டயருக்கு மேல் மட்டும் இருந்தால் மட்கார்டைத் தூக்குங்கள். ஆக்சிலுக்கு மேலும் குறைந்தால் மட்டும் ஸ்பிரிங்கை இடம் மாற்றுங்கள். அந்த இருக்கைகளை ஒட்டும் வேலையை ஆக்சில் வெல்டிங்கில் கைதேர்ந்தவரிடம் கொடுங்கள்.